துண்டுக்குள்ளே விரல்கள்

மாட்டுச் சந்தையைப் பார்த்திருப்பீர்கள். கூச்சல்! புழுதி! கழுத்து மணிகளின் ஒலி! அத்தனை ஆரவாரத்துக்கும் நடுவே இரண்டு பேர், வாய் திறவாமல், கைகோத்தபடி நிற்பர். கைகளின்மீது ஒரு துண்டு கிடக்கும். துண்டுக்குள்ளே விரல்கள் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு. இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் வேறொரு கணக்கு. துண்டு விலகும்போது பேரம் முடிந்திருக்கும். விலை என்னவென்று சுற்றி நிற்பவர் எவருக்கும் தெரியாது. தரகர் இடப்புறம் திரும்பி விற்றவரிடம் கொஞ்சம் பெறுவார். வலப்புறம் திரும்பி வாங்கியவரிடம் கொஞ்சம் பெறுவார். இருவரும் மனநிறைவோடு செல்வர். மாடு மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகும்!

சிறுவனாக இருந்தபோது அதை வேடிக்கை என்று எண்ணினேன். இன்று அதே காட்சி என்னை வேறொரு கேள்வி கேட்கிறது: அந்தத் தரகர் யாருடைய ஆள்? விற்பவருடைய ஆளா, வாங்குபவருடைய ஆளா, இருவருடைய ஆளா, எவருடைய ஆளும் அல்லாதவரா?

இந்தக் கேள்வியை என்னுள் எழுப்பியவரைச் சந்தையில் சந்திக்கவில்லை; பள்ளிக்கூடத்து வாயிலில் சந்தித்தேன். கல்வியாண்டு தொடங்கிய இரண்டாம் வாரம். வகுப்பு முடிந்து வெளியே வருகிறேன். தோளில் தோற்பை, முகத்தில் புன்னகை, பேச்சில் தேன் - வினா விடை நூல் விற்கும் நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி நிற்கிறார். நூலின் விலை 400 ரூபாய். என் சொல் கேட்டு மாணவர் வாங்கும் ஒவ்வொரு நூலுக்கும் எனக்கு 15 விழுக்காடு, அதாவது 60 ரூபாய். என்னிடம் பயில்வோர் 120 பேர். பெருக்கிப் பார்க்க நான் கணக்காசிரியனாக இருக்க வேண்டியதில்லை, 7,200 ரூபாய்!

"எங்கள் நூலை மட்டுமே சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, சார். மற்ற நிறுவனத்தாரிடமும் நீங்கள் கமிஷன் பெற்றுக்கொள்ளலாம். எங்கள் ஒப்பந்தத்தில் கட்டே கிடையாது" என்றார் அவர்.

உடனே மறுத்துவிட்டேன் என்று எழுதினால் மார்தட்டிக்கொள்ள வசதியாக இருக்கும். உண்மை அதுவன்று. "யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். அன்றிரவு அந்த 7,200 ரூபாயை மூன்று முறை செலவழித்தேன், மனத்துக்குள்ளே! ஒரு முறை அம்மாவின் மருந்துக்கு; ஒரு முறை தங்கையின் கட்டணத்துக்கு; ஒரு முறை, ஒளிப்பானேன், எனக்கென்று ஒரு நல்ல கைக்கடிகாரத்துக்கு. கட்டே இல்லாத ஒப்பந்தம் என்கிறாரே, கட்டில்லாத ஒன்று என்னை எப்படிக் கட்டும் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன். ஆயினும் உறக்கம் வரவில்லை.

ஐயம் வந்தால் அறிந்தவரைக் கேட்பதுதானே அறிவுடைமை? எங்கள் குடும்பத்தில் தரகு அறிந்தவர் என் தாய்மாமன். நிலம், மனை, வீடு இவற்றை முடித்துத் தருவது அவருடைய தொழில். அந்த ஞாயிற்றுக்கிழமை அவரைத் தேடிச் சென்றேன்.

நான் நூல் விற்பவரின் கதையைச் சொல்லி முடித்ததும் மாமா சிரித்தார். "கட்டு இல்லை என்றாரா? மாப்பிள்ளை, கட்டு இல்லை என்றால் யாருக்குக் கட்டு இல்லை என்று கேட்டாயா?" என்றார். பிறகு தம் கதையைச் சொன்னார்.

ஊருக்கு வெளியே ஒரு வயல். உரிமையாளர் நான்கு தரகர்களிடம் சொல்லி வைத்திருந்தார்: "யார் முடித்தாலும் 2 விழுக்காடு." மாமா வில்லங்கச் சான்று எடுத்தார், பட்டாவைச் சரிபார்த்தார், வாங்க விரும்பிய ஒருவரைத் தம் வண்டியில், தம் பெட்ரோலில், ஏழு முறை அழைத்துச் சென்று வயலைக் காட்டினார். ஐந்து மாதங்கள்! ஒரு நாள் பத்திர எழுத்தர் ஒருவர் தேநீர்க் கடையில் வைத்துச் சொன்னார், "உங்கள் வயல் நேற்றுப் பதிவாகிவிட்டதே, தெரியாதா?" விற்றவரும் வாங்கியவரும் மாமாவை விட்டுவிட்டு நேரே பேசி, நேரே முடித்துக்கொண்டனர். கேட்கப் போனபோது உரிமையாளர் சொன்னது ஒரே சொல்: "எழுதிக் கொடுத்தேனா?"

ஏழு பயணம் கண்ட வண்டிக்கு எழுத்துத் தேவைப்படவில்லை. கூலி கேட்டபோது மட்டும் எழுத்து வந்து குறுக்கே நின்றது!

என் குருதி கொதித்தது. உழைத்தவனுக்கு ஊதியம் இல்லையா என்று குமுறினேன். வீடு திரும்பியதும் சட்ட நூலைப் புரட்டினேன். அங்கே கண்டது என்னை மேலும் சிந்திக்க வைத்தது.

நம் நாட்டில் முகவருக்கும் முதல்வருக்கும் உள்ள உறவை வகுப்பது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். வேறு தனி ஒப்பந்தம் இல்லாதபோது, ஒப்படைத்த செயல் முடியும்வரை முகவருக்கு ஊதியம் சேராது என்கிறது அதன் 219ஆம் பிரிவு. கூர்ந்து நோக்குங்கள். உழைத்த நாளுக்கு அன்று, முடிந்த செயலுக்கே பணம்! நாற்று நட்டவருக்கு, நட்ட அன்றே கூலி உண்டு. மழை பொய்த்தாலும் கூலி பொய்க்காது. தரகருக்கோ ஐந்து மாத உழைப்பு, முடிவு கைகூடவில்லையானால், வெறும் காற்று. கமிஷன் என்பதன் உயிர்நிலை இதுதான். இது கூலியன்று, பந்தயம்.

இந்தச் சட்டம் ஆங்கிலேயர் ஆட்சியில், ஆங்கில நாட்டு நெறியைத் தழுவி எழுந்தது. ஆகவே அங்கே இந்தப் பந்தயம் எப்படிப் பார்க்கப்பட்டது என்று காண்பது பயன் தரும். பிரபுக்கள் அவையின் முன் ஒரு வழக்கு வந்தது. கூப்பர் என்ற தரகர், லக்சர் (ஈஸ்ட்போர்ன்) என்ற நிறுவனத்துக்கும் அதனோடு சேர்ந்த மற்றொன்றுக்கும் உரிய திரையரங்குகளை வாங்க ஆளைக் கொண்டுவந்தார். விற்பனை முடிந்தால் அவருக்கு 10,000 பவுன் என்பது பேச்சு. வாங்க வந்தவர் ஆயத்தமாக இருந்தார். விற்க வேண்டியவர்களோ பின்வாங்கிவிட்டனர். கூப்பருக்கு இழப்பீடு உண்டா? இல்லை என்று தீர்த்தனர் நீதிபதிகள். உரிமையாளர் மனம் மாறலாம். அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டுதான் தரகர் களம் இறங்குகிறார் என்றனர். எட்டு ஒன்பது நாள் வேலைக்கு, நாட்டின் தலைமை நீதி அமைச்சர் ஓராண்டில் பெறும் ஊதியத்துக்கு ஈடான தொகை என்றால், அது ஆபத்தை ஏற்கத் தகுந்த பரிசுதானே என்றும் ஒரு நீதிபதி சுட்டிக்காட்டினார்.

பத்தாயிரம் பவுனுக்கு அந்த நியாயம் பொருந்தலாம். பழைய மோட்டார் வண்டியில் ஏழு முறை வயலுக்குப் போய் வந்த என் மாமாவுக்கும் அதே நியாயமா? பந்தயத்தில் தோற்றால் பசி என்று இருப்பவனும், தோற்றால் வேறு பந்தயம் என்று இருப்பவனும் ஒரே மேசையில் அமர்ந்திருக்கவில்லை, தோழர்களே!

சரி, ஒப்பந்தங்கள் எத்தனை வகை? தரகை நெடுநாளாக வகைப்படுத்தி எழுதி வைத்திருக்கும் அமெரிக்க நாட்டில் மூன்றைச் சொல்வர். முதலாவது, கட்டில்லாதது: உரிமையாளர் எத்தனை தரகரிடமும் சொல்லலாம், முடித்தவருக்கு மட்டுமே பணம், உரிமையாளர் தாமே ஆளைத் தேடி விற்றுக்கொண்டால் எவருக்கும் பணம் இல்லை. இரண்டாவது, ஒரே தரகருக்கு உரியது: வேறு தரகரை அமர்த்தக் கூடாது, ஆனால் உரிமையாளர் தாமே விற்றுக்கொள்ளலாம், அப்போது தரகு இல்லை. மூன்றாவது, முழுக்கட்டு: குறித்த காலத்துக்குள் யார் விற்றாலும், உரிமையாளரே விற்றாலும், அந்தத் தரகருக்குப் பணம் உண்டு.

முதல் வகையில் உரிமையாளருக்குச் சுதந்திரம் முழுமையாக உண்டு. தரகருக்கு ஆபத்து முழுமையாக உண்டு. நால்வர் ஓட, ஒருவர் வெல்வார். மூவர் ஓடிய தூரம் கணக்கில் இல்லை. தரகருக்கும் சுதந்திரம் உண்டுதான்: அவர் பல உரிமையாளர்களின் நிலத்தைக் காட்டலாம். ஆனால் அந்தச் சுதந்திரம் என்ன செய்கிறது? எதிலும் முழு மனம் வையாமல் எல்லாவற்றிலும் ஒரு கால் வைக்கச் சொல்கிறது. முந்திக்கொள் என்று பின்னாலிருந்து தள்ளுகிறது. முந்த வேண்டியவன் முழு உண்மையையும் சொல்லிக்கொண்டு நிற்பானா?

இந்த ஐயத்தோடுதான் மறு வாரம் மீண்டும் மாமாவிடம் போனேன். "மாமா, உங்களுக்குப் பிறர் செய்த அநீதியைச் சொன்னீர்கள். நீங்கள் செய்தது உண்டா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எத்தனை கூர்மையான கேள்வி என்று உணர்ந்தேன். அவர் வெற்றிலையை மடித்தவர் மடித்தபடியே இருந்தார்.

"உண்டு" என்றார். "ஒரு மனை. அதற்குப் போகும் பாதையில் தகராறு இருந்தது. எனக்குத் தெரியும். வாங்கியவர் என்னைக் கேட்டார், 'அண்ணே, ஒன்றும் சிக்கல் இல்லையே?' என்று. நான் தலையாட்டினேன். விற்றவரிடமும் தரகு வாங்கினேன், அவரிடமும் வாங்கினேன், ஒருவரிடம் வாங்குவது மற்றவருக்குத் தெரியாது. அந்த வாரம் எனக்குப் பணம் தேவைப்பட்டது, மாப்பிள்ளை. உன் கல்லூரிக்கு முதல் ஆண்டுக் கட்டணம் கட்ட அதுவே கடைசி வாரம்."

நான் வாயடைத்துப் போனேன். எந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு நான் மாணவர்களுக்கு வாய்மை பற்றிப் பாடம் சொல்கிறேனோ, அந்தப் பட்டத்தின் முதற்படி ஒரு மனிதர் விழுங்கிய உண்மையின்மீது கட்டப்பட்டிருக்கிறது! யாரை நோவது? மாமாவையா? அவர் கல்நெஞ்சர் அல்லர். வயலுக்கு உரியவரையா? அவர் இந்தக் கதையில் இல்லவே இல்லை. ஆனாலும் இரண்டு கதைகளும் ஒரே வேரில் முளைத்தவை என்று எனக்குத் தோன்றுகிறது. உழைப்புக்குப் பணம் இல்லை, முடிவுக்கே பணம் என்ற ஏற்பாடு முதற்கதையில் தரகரின் வயிற்றில் அடித்தது. இரண்டாம் கதையில் தரகரின் கையாலேயே இன்னொருவரின் வயிற்றில் அடித்தது.

தவறு செய்தவர் தவறே செய்யவில்லை என்பதன்று என் வாதம். முகமையில் ஒழுங்கீனமாக நடந்துகொண்ட முகவருக்கு, அப்படி நடந்துகொண்ட பகுதிக்கு ஊதியம் இல்லை என்று அதே 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் 220ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் சொல்வதற்கு முன்பே மாமாவின் மடித்த வெற்றிலை அதைச் சொல்லிவிட்டது. ஆனால் பகுத்தறிவாளன் குற்றவாளியைக் கண்டதோடு நிற்கக் கூடாது. குற்றத்தை எளிதாக்கிய ஏற்பாடு எது என்றும் காண வேண்டும்.

"கமிஷன் நல்ல ஏற்பாடுதான், விலை உயர்ந்தால் தரகரின் பங்கும் உயரும், ஆகவே அவர் உரிமையாளருக்காகப் பாடுபடுவார்" என்பர் சிலர். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீடு 50 லட்சம். தரகு 2 விழுக்காடு. தரகருக்கு 1 லட்சம். இன்னும் இரண்டு மாதம் பொறுத்தால் 51 லட்சம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளருக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கூடுதல். தரகருக்கு? 2,000 ரூபாய்! இரண்டு மாத அலைச்சலுக்கு இரண்டாயிரமா? "இதைவிட நல்ல விலை வராது, முடித்துவிடுங்கள்" என்றுதான் அவர் நாக்கு சொல்லும். கட்டில்லாத ஒப்பந்தமானால் இன்னும் விரைவாகச் சொல்லும். ஏனெனில், காத்திருந்தால் இன்னொரு தரகர் முடித்துவிடுவார்.

இது என் கற்பனையன்று. அமெரிக்கப் பொருளியலறிஞர்கள் ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் இருவரும் சிகாகோ வட்டாரத்தில் நடந்த ஏறத்தாழ 1 லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008இல் முடிவை வெளியிட்டனர். தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்றபோது, பிறர் வீட்டைவிட ஏறத்தாழ 9.5 நாள் கூடுதலாகக் காத்திருந்தனர், ஏறத்தாழ 3.7 விழுக்காடு கூடுதல் விலையும் பெற்றனர். தம் வீட்டுக்குப் பொறுமை. பிறர் வீட்டுக்கு அவசரம்! வள்ளுவர் வாணிகத்தைப் பற்றிய தம் கருத்தை நடுவு நிலைமை அதிகாரத்திலேயே வைத்தார். பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிகம் என்றார். அந்தப் பழைய அறத்தைச் சிகாகோவின் புள்ளிக்கணக்கு அளந்து காட்டுகிறது: வழுவிய தூரம் 3.7 விழுக்காடு!

வீட்டுத் தரகோடு இது முடிவதில்லை. ஆயுள் காப்பீட்டில் முகவருக்கு முதல் ஆண்டுத் தவணையில் பெரும் பங்கு. பின்வரும் ஆண்டுகளில் சிறு பங்கு. விளைவு? பழைய பாலிசியைக் காப்பதைவிடப் புதிய பாலிசியை விற்பதில் ஆர்வம் மிகும். மாதச் சம்பளமே இல்லாமல் கமிஷனுக்கு மட்டும் உழைக்கும் விற்பனையாளர்கள் உண்டு. சிறு சம்பளமும் அதன்மேல் கமிஷனும் பெறுவோர் உண்டு. கமிஷனுக்கு முன்பணம் வாங்கிவிட்டு, விற்பனை குறைந்தால் கடனாளியாக நிற்போரும் உண்டு. சம்பளம் குறையக் குறைய, சொல்லில் சர்க்கரை கூடுகிறது. அது அவர்களுடைய பிறவிக்குணமா? அன்று. ஒப்பந்தத்தின் குணம்.

இன்னொன்றும் காண்க. "கட்டில்லை" என்று வாயால் சொல்வது வேறு. கட்டில்லாமல் வாழ்வது வேறு. காய்கனி கொண்டுவரும் உழவர் எந்தக் கமிஷன் மண்டியிலும் இறக்கலாம். எவரும் எழுத்தில் தடுப்பதில்லை. ஆனால் விதைப்புக் காலத்தில் மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கியவர் எங்கே இறக்குவார்? கடன் வாங்கிய வாசலில்தான்! விலையும் அவர் சொன்னதுதான். கழிவும் அவர் பிடித்ததுதான். தாளில் கட்டில்லை; வயிற்றில் கட்டு. எந்த முழுக்கட்டு ஒப்பந்தமும் இத்தனை இறுக்கமாகக் கட்டியதில்லை.

"அப்படியானால் தரகே வேண்டாம், ஒழித்துவிடலாம்" என்று இளைஞர் சிலர் துடிப்பீர்கள். ஒழிக்கத்தக்க இடத்தில் ஒழிக்கலாம். 1999 நவம்பர் 14இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது; விளைத்தவரும் உண்பவரும் நேரே சந்திக்க வழி பிறந்தது. நன்று. ஆனால் உழவர் எல்லோரும் வயலை விட்டுவிட்டு நாள் முழுதும் தராசு பிடிக்க முடியுமா? முன்பின் அறியாத இருவரை ஒன்றுசேர்ப்பதும் உழைப்புத்தான். பட்டாவைச் சரிபார்ப்பது உழைப்பு. வயலுக்கு ஏழு முறை போவது உழைப்பு. உழைப்புக்கு ஊதியம் கேட்பது குற்றமாகாது. ஆகவே, கேள்வி தரகு வேண்டுமா என்பதன்று. துண்டு வேண்டுமா என்பதே!

துண்டை விலக்கிய சட்டங்கள் உண்டு. பரஸ்பர நிதித் திட்டங்களில் பணம் போடுபவரிடம் 2.25 விழுக்காடுவரை நுழைவுக் கட்டணமாகப் பிடித்து, அதிலிருந்து விற்றவருக்குக் கமிஷன் தரும் வழக்கம் இருந்தது. செபி அமைப்பு 2009 ஆகஸ்ட் 1 முதல் அதை நிறுத்தியது. அதோடு மற்றொன்றும் சொன்னது: பல நிறுவனங்களின் திட்டங்களை விற்பவர் ஒன்றைப் பரிந்துரைக்கும்போது, போட்டித் திட்டங்கள் ஒவ்வொன்றிலும் தமக்கு எவ்வளவு கமிஷன் என்று முதலீட்டாளருக்குச் சொல்லியாக வேண்டும். கட்டில்லாத விற்பனையாளருக்கு இதைவிடப் பொருத்தமான கட்டு வேறு ஏது? பிரிட்டனோ ஒரு படி மேலே போய், முதலீட்டு ஆலோசனை கூறுவோர் நிறுவனங்களிடம் கமிஷன் பெறுவதையே 2012ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்திவிட்டது. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டம், பதிவு பெற்ற திட்டங்களில் வீடும் மனையும் விற்றுத் தரும் தரகர் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. சந்தையின் துண்டு சிறிது சிறிதாக விலகுகிறது.

சட்டம் எட்டாத இடத்தில் நாமே விலக்கிக்கொள்ளலாம். தரகரை அமர்த்தும் இளைஞர்களே, ஒரு தாளில் எழுதுங்கள். தரகு யார் தருவது, எத்தனை விழுக்காடு, எந்தத் தொகையின்மேல்? முன்பணம் கைமாறிய அன்று தருவதா, பதிவு முடிந்த அன்று தருவதா? ஒப்பந்தம் ஒருவருக்கே உரியதா, பலருக்கும் உரியதா? அவர் அழைத்து வந்தவரிடமே ஆறு மாதத்துக்குள் விற்றால் தரகு உண்டா, இல்லையா? இரு தரகர் ஒரே ஆளை அழைத்து வந்தால், பேரம் முடிய உண்மையான காரணமாக இருந்தவர் எவர் என்று எப்படி முடிவு செய்வது? மறுபக்கத்திலும் அவர் தரகு பெறுகிறாரா? பத்தே வரி! அந்தப் பத்து வரி இருந்திருந்தால் என் மாமாவின் ஐந்து மாதம் காற்றில் போயிருக்காது. பாதைத் தகராற்றை மறைக்கும் நெருக்கடியும் அவருக்கு ஒருவேளை வந்திராது.

இனி என் கேள்விக்கு வருகிறேன். எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் போதுமா? "மாணவர்களே, இந்த நூலை நீங்கள் வாங்கினால் எனக்கு 60 ரூபாய் கிடைக்கும்" என்று வகுப்பில் அறிவித்துவிட்டு நான் வாங்கிக்கொள்ளலாமா?

இங்கேதான் எனக்கு விடை பிறந்தது. வீடு வாங்குபவர் தரகரின் சொல்லை எடைபோடலாம். வேறு தரகரைக் கேட்கலாம். வேண்டாம் என்று எழுந்து போகலாம். அவருக்குத் துண்டை விலக்கினால் போதும். மற்றதை அவர் அறிவு பார்த்துக்கொள்ளும். ஆனால் பதினைந்து வயது மாணவன் ஆசிரியரின் சொல்லை எடைபோட முடியுமா? "வேண்டாம், சார்" என்று எழுந்து போக முடியுமா? மதிப்பெண் போடுவது என் கை! நோயாளியும் அப்படியே, எந்த ஆய்வு தேவை, எது தேவையில்லை என்று அவர் எப்படி அறிவார்? அதனால்தான் 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள், நோயாளியை ஓரிடத்துக்கு அனுப்புவதற்காக மருத்துவர் கமிஷன் பெறுவதையே தடை செய்தன. கேட்பவர் எடைபோடக்கூடிய இடத்தில் கமிஷனை வெளிப்படுத்து. எடைபோட முடியாத இடத்தில் கமிஷனையே விடு. நான் கண்ட நெறி இது.

நூல் விற்பவர் சொன்ன 'கட்டில்லாமை'யின் பொருளும் அப்போதுதான் விளங்கிற்று. அவருடைய ஒப்பந்தத்தில் இருந்தவர்கள் இருவர்: அவரும் நானும். அவர் எனக்குக் கட்டுப்படவில்லை. நான் அவருக்குக் கட்டுப்படவில்லை. ஆனால் பணம் கொடுக்கப் போகிற மூன்றாமவன், என் மாணவன், அந்தத் தாளில் எங்கே? அவன் பெயர் இல்லை. அவன் நம்பிக்கை மட்டும் உண்டு, விலை குறிக்கப்பட்டு! விற்பவரோடு கட்டில்லாமல் இருக்க எனக்கு உரிமை உண்டு; என் சொல்லை நம்புகிறவனோடு கட்டில்லாமல் இருக்க எந்த ஒப்பந்தமும் எனக்கு உரிமை தர முடியாது.

மீண்டும் அவர் வந்தபோது கேட்டேன்: "எனக்குத் தரும் 60 ரூபாயை விலையில் குறைத்து, மாணவருக்கு 340 ரூபாய்க்குத் தருவீர்களா?" அவர் தயங்கினார். "அதற்கு நிறுவனத்தில் வழியில்லை, சார். அது உங்களுக்குத்தான், மாணவருக்கு அல்ல" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைவிடத் தெளிவாக நான் இந்தக் கட்டுரையில் எதையும் எழுதிவிட முடியாது! நன்றி சொல்லி அனுப்பினேன். அவர்மீது எனக்குச் சினம் இல்லை. அவரும் கமிஷனுக்கு அலைகிறவர்தாம். அன்று அவர் என்னிடம் செலவிட்ட ஒரு மணி நேரத்துக்கு எவரும் அவருக்குக் கூலி கொடுத்திருக்க மாட்டார்கள்.

மாமாவிடம் இதைச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "அந்த மனைக்காரர் வீடு எனக்குத் தெரியும். பாதைத் தகராறு இன்னும் தீரவில்லை. சாட்சி சொல்ல ஆள் தேடுகிறார்" என்றார். இன்னும் சற்று நேரம் கழித்து, "அந்தப் பாதையின் பழைய கதை எனக்குத் தெரியும்" என்றார். அடுத்த ஞாயிறு இருவரும் சேர்ந்து அவர் வீட்டுக்குப் போவதாக இருக்கிறோம். அவர் எங்களை உள்ளே அழைப்பாரா, வாயிலிலேயே நிறுத்துவாரா, அறியேன். எப்படியாயினும் போகத்தான் போகிறோம். அவர் இழந்ததில் என் கல்லூரிக் கட்டணமும் இருக்கிறது.

தோழர்களே, நாளை உங்களிடமும் ஒருவர் வருவார்; புன்னகையோடு வருவார்; கட்டில்லை என்பார். கணக்குப் போடுங்கள், தவறில்லை. ஆனால் கையை நீட்டுமுன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: "எனக்கு இதில் இவ்வளவு கிடைக்கிறது என்று, என் சொல்லை நம்புகிறவரின் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியுமா? சொன்ன பிறகு 'வேண்டாம்' என்னும் உரிமை அவருக்கு உண்டா?" இரண்டுக்கும் ஆம் என்றால், வாங்குங்கள், அது உழைப்பின் ஊதியம். ஒன்றுக்கேனும் இல்லை என்றால், கையை இழுத்துக்கொள்ளுங்கள். ஏனெனில், உங்கள் கையின்மீது ஒரு துண்டு கிடக்கிறது.